ரோடா ஃபிஸ்டர் திருப்பித் தராத ஜாடிகள்

அமெரிக்காவின் மேற்குக் கடலோர மாவட்டமான எங்கள் ஹேஸ்லட் கவுண்டிக்கு மார்க் போட வந்தவர்களை நாங்கள் நிறையவே பார்த்திருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு மார்க் போட ஒருவர் வருவார், பாலங்களுக்குப் போட இன்னொருவர், கடற்கரையின் அழகுக்குப் போட ஒரு பத்திரிகைக்காரி. எல்லோரும் மழையில் தொப்பலாக நனைவார்கள், ஒரு கிண்ணம் மட்டி சூப் குடிப்பார்கள், சுமாரான மார்க்கைப் போட்டுவிட்டு மலை தாண்டிப் போய்விடுவார்கள். தான் போட்ட மார்க்கைத் தானே நம்பி இங்கேயே வீடு வாங்கிக் குடியேறிய ஒரே ஆள் ரோடா ஃபிஸ்டர்தான்.

ரோடா கலிபோர்னியாவின் வெயில் பக்கத்துக்காரி. இருபது வருஷத்துக்கு மேல் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. எரிந்த வீடு, வெள்ளம் புகுந்த கிடங்கு, சரிந்த கூரை என்று போய்ப் பார்த்து, எதனால் வந்த சேதம் என்று எழுதிக்கொடுப்பாள். அப்படியே பார்த்துப் பார்த்து, எந்த இடத்தைக் கண்டாலும் இது எப்படிக் கெட்டுப்போகும் என்ற கேள்விதான் அவளுக்கு முதலில் தோன்றும். வேலையை விட்டதும் அந்தப் புத்தியையே தொழிலாக்கிக்கொண்டாள். கெட்ட காலம் ஒன்று வரப்போகிறது என்று நம்பி அரிசியும் பருப்பும் சேர்த்து வைக்கிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம். நகரத்தை விட்டுப் போய்ச் சொந்த மண்ணில் சொந்தக் கையால் விளைவித்துச் சாப்பிட வேண்டும் என்று கிளம்புகிறவர்களும் ஏராளம். எந்தக் கவுண்டியில் நிலம் வாங்கலாம் என்று இவர்களுக்குச் சொல்வதுதான் ரோடாவின் வேலை. தண்ணீர், மண், குளிர், பெரிய நகரத்திலிருந்து தூரம், சாலை, இயற்கையின் ஆபத்து என்று தலைப்புப் போட்டு மார்க் போடுவாள். கடைசித் தலைப்பு மனிதர்கள். அதில் மட்டும் கழிப்பதுதான் வழக்கம், கூட்டுவதில்லை. பக்கத்தில் ஆள் அதிகமென்றால் பசி நாளில் கதவைத் தட்டும் கை அதிகம் என்பது அந்தக் கூட்டத்தின் கணக்கு.

கடலோரக் கவுண்டி எதையும் அந்தக் கூட்டம் திரும்பிக்கூடப் பார்க்காது. பூகம்பம் வரும், சுனாமி வரும், முடிந்தது கதை என்பார்கள். ரோடா மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க இங்கே தங்கிச் சுற்றினாள். பத்து மாதம் புல் பச்சையாக நிற்பதைப் பார்த்தாள். ஜனவரியில்கூடத் தோட்டத்தில் கீரை பறிப்பதைப் பார்த்தாள். எந்த ஓடையைத் தொட்டாலும் நல்ல தண்ணீர். மலையில் எல்க் மான், ஆற்றில் சால்மன், சேற்றில் மட்டி. மலை தாண்டி வரும் சாலை இரண்டும் எங்களோடு முடிந்துவிடும் என்பதால் வழிதவறிக்கூட ஒருவரும் வரமாட்டார்கள். குறைகளையும் அவள் மறைக்கவில்லை. இங்கே கோதுமை முற்றாது, தக்காளி சிவக்காது, விறகு காய்வதற்கு ஒரு பிறவி வேண்டும் என்று பச்சையாக எழுதினாள். கடல் ஏறினாலும் எட்டாத மேட்டில் வீடு கட்டினால் இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று முடித்தாள். எழுதினதோடு நிற்காமல், ஊருக்கு மேலே ஸ்ப்ரூஸ் மரங்கள் நிற்கும் மேட்டில் தானே நிலம் வாங்கிக் குடிவந்துவிட்டாள். இதெல்லாம் ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை. அந்தத் தைரியத்துக்காகவே எங்களுக்கு அவளைப் பிடிக்கும்.

ஆனால் அவள் வாழ்ந்த விதம்தான் எங்களுக்குப் பிடிபடவில்லை. இருப்பதைக் காட்டிக்கொள்ளாதே என்பது அவர்கள் கூட்டத்தின் முதல் சட்டமாம். அதை ரோடா பக்தியோடு கடைப்பிடித்தாள். முழங்கையில் ஒட்டுப் போட்ட கோட்டைத்தான் போடுவாள். வண்டி துருப்பிடித்த டிரக். ஜன்னலுக்குக் கனத்த திரை, ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே வராது. ஊர்க் கடையில் உப்பும் தீப்பெட்டியும் தவிர ஒன்றும் வாங்கமாட்டாள். மற்றதெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் மொத்தமாக வாங்கி, தார்ப்பாயைப் போட்டு மூடிக் கொண்டுவருவாள். கோழிக்கூட்டுக்குப் பின்னால் மேட்டைக் குடைந்து ஒரு நிலவறை. அதில் அரிசி மூட்டை, பீன்ஸ் மூட்டை, டப்பாவில் அடைத்த மீன், பீப்பாய் பீப்பாயாக டீசல். ஊரில் ஒரு குருவிக்கும் தெரியாது. ஊர்க் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டதில் அவளுக்கு அத்தனை பெருமை.

ஊர் என்ன நினைத்தது என்பதை மட்டும் அவள் யோசித்துப் பார்க்கவே இல்லை.

வந்த முதல் வருஷமே வாசலில் ஒரு வாளி மட்டி இருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. யாரோ நம்மை வேவு பார்க்கிறார்கள் என்று ரோடா இரண்டு நாள் ஜன்னலோரம் காவல் இருந்தாள். அப்புறம் புகைபோட்ட சால்மன் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, ஜாடி ஜாடியாக ப்ளாக்பெர்ரி ஜாம் வந்தது. ஒரு தடவை அவள் காலுக்குச் சரியாக ஒரு ஜோடி பூட்ஸ்கூட வந்தது. சரி, இந்த ஊர் வழக்கம் இது, எல்லோர் வாசலிலும் வைப்பார்கள் போலிருக்கிறது, நம்மையும் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். ஜாமை ரசித்துச் சாப்பிட்டாள். ஜாடியைக் கழுவித் துடைத்து நிலவறையில் அடுக்கினாள். கெட்டியான கண்ணாடி, நல்ல மூடி. கெட்ட காலத்துக்குச் சேர்க்கிற எவருக்கும் அப்படியொரு ஜாடியைக் கையை விட்டு அனுப்ப மனம் வராது.

அவள் குடிவந்த ஆறாவது வருஷம், நவம்பரில் ஹாலோரன் வந்தார். உள்நாட்டு மலைப் பக்கத்து மனிதர், நாற்பது வயது, தாடி. எந்தக் கவுண்டி தேறும், எந்தக் கவுண்டி தேறாது என்று வருஷா வருஷம் ஒரு கையேடு போடுகிறவர் அவர்தான். நிலம் வாங்குகிறவர்கள் அந்தக் கையேட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். கடலோரம் என்றாலே அதில் பூஜ்யம். ரோடா வருஷக்கணக்கில் அவரோடு சண்டை போட்டு, நேரில் வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று வரவழைத்திருந்தாள். அவர் தேறாது என்று எழுதிவிட்டால் ரோடாவின் சொல்லுக்கு அந்தக் கூட்டத்தில் இனி மதிப்பு இல்லை. அதைவிட, வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் இடத்தைக் குறை சொல்லியே பிழைத்தவள் இது என் இடம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது இந்த ஒன்றைத்தான். அதை ஒருவர் ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் போவதை அவளால் தாங்க முடியாது.

இரண்டு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு சுற்றினாள். ஓடையைக் காட்டினாள், மண்ணைத் தோண்டிக் காட்டினாள், பனிக்காலத்துக் கீரையைக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். நிலவறைக்குள் இறங்கினதும்தான் முகம் மலர்ந்தது.

"அட! ஆறு வருஷமா இதை ஒருத்தனுக்கும் தெரியாமலா வெச்சிருக்கீங்க?"

"ஈ காக்காய்க்குத் தெரியாது."

"பக்கத்துல யாரு?"

"கீழ டூரர் குடும்பம். மாட்டுப் பண்ணை. எர்வின்னு ஒருத்தர், அவர் பொண்டாட்டி ஆர்லின். நல்ல மனுஷங்க. எனக்கு ஒண்ணும் தொந்தரவு கிடையாது."

"நல்ல மனுஷங்கதான் ரோடா, வயிறு நிறைஞ்சிருக்கிற வரைக்கும்," என்றார் ஹாலோரன். "ஆனா உங்களை மாதிரி மறைச்சு வெச்ச ஆளை நான் பார்த்ததே இல்ல. இதுக்காகவே உங்க கவுண்டியைச் சேர்த்துக்கலாமோன்னு தோணுது."

ரோடாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அன்று சாயங்காலம் தெற்கிலிருந்து காற்று எழுந்தது. எங்கள் ஊர்க் காற்று சாதாரணமாகவே மரியாதை தெரியாதது, அன்றைக்கு அது வெறி பிடித்து ஆடியது. இருட்டுவதற்குள் கரண்ட் போனது. பெரிய பெரிய ஸ்ப்ரூஸ் மரங்கள் வேரோடு சாய்ந்தன. மலை தாண்டும் இரண்டு சாலையிலும் மண் சரிந்தது. இப்படி ஆனால் வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும், அவர்களை எதிர்பார்த்து நாங்கள் உட்காருவதும் இல்லை. இந்தக் கவுண்டியில் மரம் அறுக்கும் மெஷின் இல்லாத டிரக் கிடையாது. ஆளாளுக்கு வீட்டு வாசலிலிருந்து அறுத்துக்கொண்டே வெளியே வருவோம், நடுவில் எங்கேயாவது சந்திப்போம். ஃப்ரிஜ் அணைந்து போவதால் இறைச்சியெல்லாம் உருகத் தொடங்கும். அதையெல்லாம் விவசாயிகள் சங்கத்தின் கிரேஞ்ச் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிய பாத்திரத்தில் போட்டு ஊரோடு சமைத்துச் சாப்பிடுவோம். புயல் முடிந்த மறுநாள் எங்கள் ஊரில் சாப்பிடுகிற மாதிரி கிறிஸ்துமஸுக்குக்கூடச் சாப்பிடமாட்டோம்.

காலையில் காற்று அடங்கினதும் ரோடா வீட்டுக்குக் கீழே மெஷின் சத்தம் கேட்டது. மேலே மேலே வந்துகொண்டே இருந்தது.

"வந்துட்டாங்க," என்றார் ஹாலோரன். முகம் வெளுத்திருந்தது. "நான் சொன்னேன்ல? ஒரு நாள்கூடத் தாங்கல. கதவைத் தாழ் போடுங்க. மூச்சு விடாதீங்க."

ரோடா திரையை விலக்கிப் பார்த்தாள். பாதையில் கிடந்த கடைசி மரத்தை எர்வின் டூரர் அறுத்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் மரத்தூள். இன்னும் இரண்டு பேர் துண்டங்களை உருட்டித் தள்ளினார்கள். மரத்தின் மேலேயே ஏறிக் குதித்து, துண்டு சுற்றின ஒரு பானையை நெஞ்சோடு அணைத்தபடி ஆர்லின் வந்தாள்.

"ரோடா! ஏய் ரோடா! உயிரோட இருக்கியா இல்லையா?"

ரோடா ஒட்டுப் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு, வழக்கம் போலத் தோளைக் கொஞ்சம் கூனிக்கொண்டு வெளியே போனாள். ஹாலோரன் கதவிடுக்கில் நின்றார்.

"இருக்கேன் ஆர்லின். எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னு எங்களுக்குத் தெரியாதா? அதுக்குத்தானே வந்தோம்." ஆர்லின் பானையை அவள் கையில் திணித்தாள். "சூப் சூடா இருக்கு, குடி. போர்வை வண்டியில இருக்கு. எர்வின், அந்த ஹீட்டரை எடுத்துட்டு வாங்க. நேத்தே கூடத்துல பேசி முடிச்சாச்சு, மரம் விழுந்தா முதல்ல மேட்டு வீட்டுப் பாதையத்தான் வெட்டணும்னு. மத்தவங்களுக்கு எப்படியும் ரெண்டு நாள் ஓடும். உனக்கு என்னடி இருக்கு?"

ரோடாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கினதும் காது மடல் சுட்டது.

"எனக்கு... நீங்க எதை வெச்சு அப்படி..."

"எதை வெச்சா? உன் கோட்டைப் பாரு. ராத்திரியில விளக்கு ஏத்தக்கூட உனக்கு வழியில்ல. கடையில உப்பு வாங்கிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போற. எல்லாத்துக்கும் மேல ஜாடி!"

"என்ன ஜாடி?"

"நான் குடுத்த ஜாடிதான். காலி ஜாடி திரும்பி வந்தா, ஆளு நல்லா இருக்காங்க, வாய் விட்டு இன்னும் கேக்கறாங்கன்னு அர்த்தம். வசதியா இருக்கறவங்க வாசல்லதான் நாங்க காலி ஜாடி வைப்போம், உன் கையால ஏதாவது போட்டுக் குடுன்னு. ஆறு வருஷத்துல உன்கிட்ட இருந்து ஒரு ஜாடிகூடத் திரும்பி வரல. பாவம், ஜாடிக்கே வழியில்லாம அதுல எதையோ போட்டு வெச்சு ஓட்டறாளேன்னு நினைச்சுக்கிட்டேன். ஊருல யாரு வாயையும் திறக்க விடல நான். அவளுக்கு ரோஷம் ஜாஸ்தி, வெச்சிட்டு வந்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

இவ்வளவு நாள் பெருமைப்பட்டுக்கொண்ட தன் மறைவு வாழ்க்கை ஊர் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கிறது என்று ரோடா அன்றைக்குத்தான் பார்த்தாள். அந்தப் பானை அவள் கையில் கனத்தது.

எர்வின் ஒரு கையில் சின்ன ஹீட்டரும் இன்னொரு கையில் டீசல் கேனுமாக வந்தார். வைத்த கையோடு திரும்பினார்.

"ஆர்லின், கிளம்பு. மாடு காத்துக்கிட்டு இருக்கு."

"மாட்டுக்கு என்ன?" என்றாள் ரோடா.

"ஒண்ணுமில்லம்மா. கறக்கற மெஷின் ஜெனரேட்டர்ல ஓடுது. டீசல் இன்னிக்குச் சாயங்காலம் கறக்கறதுக்குத்தான் வரும். சாலை திறந்தா லாரி வரும், இல்லன்னா கையால கறந்து பாக்க வேண்டியதுதான். நூத்துக்கு மேல மாடு. எத்தனை கறக்க முடியும்? மடி கல்லாயிடும், அப்புறம் காய்ச்சல்." அவர் சட்டையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். "பாத்துக்கலாம்."

"இந்தக் கேன்?"

"அது உனக்கு. ராத்திரி குளிருமில்ல?" என்றாள் ஆர்லின்.

பின்னாலிருந்து ஹாலோரன் முணுமுணுத்தார். "நன்றி சொல்லி வாங்கிக்குங்க ரோடா. கதவைச் சாத்துங்க. இதைவிட நல்ல வேஷம் யாருக்கு வாய்க்கும்? திறந்து காட்டினீங்கன்னா உங்க கவுண்டியை நான் சேர்க்க முடியாது. ஒரு தடவை கதவைத் தட்டினதுக்கே திறந்துட்டாங்கன்னுதான் எழுதணும்."

ரோடா கேனைப் பார்த்தாள். கீழே பள்ளத்தாக்கிலிருந்து மாடுகளின் சத்தம் லேசாகக் கேட்டது. அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்தக் கையேட்டில் ஒரு நல்ல வார்த்தை. அது இப்போது கை நீட்டினால் கிடைக்கும் தூரத்தில் இருந்தது. நன்றி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளால் அது முடியவில்லை.

கூனின தோளை நிமிர்த்தினாள். "எர்வின், டிரக்கைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால கொண்டு வாங்க. இந்தக் கேனையும் திருப்பி ஏத்துங்க. ஆர்லின், நீயும் வா. கோவப்படாம வா."

நிலவறைக் கதவைத் திறந்து அவர்களை உள்ளே விட்டாள். எர்வின் பீப்பாய்களைத் தட்டிப் பார்த்தார். நிறைந்த பீப்பாயின் சத்தம் அவருக்குத் தெரியாதா! அப்படியே ஓர் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆர்லின் சிரிக்கவில்லை. பின்சுவர் முழுக்க அடுக்கியிருந்த ஜாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மூடியிலும் அவள் தன் கையால் பூசின நீலப் பொட்டு.

"அடிப்பாவி!" என்றாள் கடைசியில். "என் சொந்த மகளுக்கு இல்லன்னு சொல்லிட்டு உனக்குக் குடுத்தேனே அந்த ஜாமை! நீ இங்க அரிசி மூட்டை மேல ராணி மாதிரி உக்காந்து தின்னியா?"

"ஊர் வழக்கம்னு நினைச்சேன் ஆர்லின். எல்லாருக்கும் வைப்பீங்கன்னு..."

"பேசாத! உன்னை நினைச்சு நான் சர்ச்சுல அழுதிருக்கேன்டி. பூட்ஸ் வாங்கறதுக்காக உன் கால் தடத்தைக் குனிஞ்சு அளந்திருக்கேன். என்னை எவ்ளோ பெரிய முட்டாளாக்கிட்ட!"

எர்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "திட்டறதை வண்டியில போயிக்கிட்டே திட்டு. மாடு கேக்காது."

டீசல் இறங்கிற்று. அன்று சாயங்காலமும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் டூரர் பண்ணையில் ஒரு மாடு பாக்கி இல்லாமல் கறந்தார்கள். அரிசியும் பீன்ஸும் கிரேஞ்ச் கூடத்துக்குப் போயின. எல்க் இறைச்சியும் பீன்ஸும் போட்டு ரோடாவே ஒரு பெரிய பாத்திரத்தைக் கிளறினாள். கை நிறைய அள்ளிப் போட்டாள். ஊர் முழுக்க விஷயம் பரவிவிட்டது. சிலர் முகத்துக்கு நேராகவே கேலி செய்தார்கள், சிலர் ரகசியமாக அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்துவிட்டு, பழக்க தோஷம் என்று சிரித்தார்கள். ஆர்லின் மட்டும் அந்தப் பக்கம் வரவே இல்லை. கூடத்தின் மறுகோடியில் நின்று ரொட்டி அறுத்தாள், ரோடா பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹாலோரன் பூட்டின வீட்டில் தனியாக ஒரு நாள் இருந்து பார்த்தார். மறுநாள் இறைச்சி வாசனை மேட்டுக்கே ஏறிவந்ததும் இறங்கி வந்தார். மூன்று தட்டுச் சாப்பிட்டார். எர்வின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, உங்க ஊர்ல புயல் வந்தா யார் வீட்டுல சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். அந்த மனிதர் வாயில் சாப்பாடு இருந்ததால் பதில் சொல்லவில்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

சாலை திறந்ததும் போய்விட்டார். கையேடு வந்தது. ஹேஸ்லட் கவுண்டி: தேறாது. காரணம்: மனிதர்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டம் போட்டுக் கிரேஞ்ச் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். அவ்வளவு நல்ல சான்றிதழ் எங்களுக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

ரோடாவும் தன் வாசகர்களுக்கு எழுதினாள். மற்ற தலைப்புகளில் ஒரு மார்க்கையும் மாற்றவில்லை. மனிதர்களை மட்டும் கழிக்கும் பக்கத்திலிருந்து எடுத்துக் கூட்டும் பக்கத்தில் வைத்தாள். என்ன நடந்தது என்று தன்னைப் பற்றின கேலியோடு சேர்த்து அப்படியே எழுதினாள். பாதிப் பேர் அவளை விட்டுப் போனார்கள். அதை அவளே எங்களிடம் சொன்னாள், தலையைக் குனியாமல் சொன்னாள்.

ஆனால் அவளை வாட்டியது வேறு. வாசல் காலியாக இருந்தது. காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து பார்ப்பாள். மட்டி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, ஒன்றும் இல்லை. நீலப் பொட்டு வைத்த ஜாடிகளைத் துடைத்து டூரர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. தனக்கு ஒன்றும் தேவையில்லை என்று ஊருக்கு நிரூபித்தாகிவிட்டது, இனி அவர்கள் எதற்காக மேடு ஏறி வரப்போகிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தக் கெட்ட காலத்துக்கும் தயாராக இருந்தவள், இதற்குத் தயாராக இல்லை.

டிசம்பரில் ஒரு காலை, மழை சற்று விட்டிருந்தது. கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் வரிசையாக ஜாடிகள், மூடிகளில் நீலப் பொட்டு. குனிந்து ஒன்றை எடுத்தாள். காலி. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் காலி. பாதை வளைவில் ஆர்லினின் முதுகு தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

"பீன்ஸை அன்னிக்குப் பண்ண மாதிரியே பண்ணு! உப்பை மட்டும் குறைச்சுப் போடு!"

ரோடா பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நிமிர்ந்து நின்று, ஊர் முழுக்கத் தெரியும்படி ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஹேஸ்லட் கவுண்டி அவளிடம் ஒன்று கேட்டிருந்தது.